சிவகாசி மக்களவைத் தொகுதி எங்கே போனது?

1998, 1999 தேர்தல்களில் வைகோ வென்ற சிவகாசித் தொகுதியை 2009 தேர்தலிலிருந்து தேடினால் கிடைக்காது. காரணம், தொகுதி மறுவரையறை. மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்து எல்லைகளைத் திருத்தி வரைவதுதான் அது. ஊர்கள் ஒரே சீராக வளர்வதில்லையே! அப்படியே விட்டால் ஒரு எம்.பி.யின் தொகுதியில் மக்கள்தொகை கூடிவிடும், இன்னொருவருடையதில் குறைந்திருக்கும்.

2008-இல் நடந்தது வீட்டுக்குள் தடுப்புச் சுவரை நகர்த்துவது போல: அறைகளின் அளவு மாறியது, எண்ணிக்கை மாறவில்லை. 2001 கணக்கெடுப்பை வைத்து வரைந்தபோதும் தமிழ்நாட்டுக்கு அதே 39 தொகுதிகள்தான். சிவகாசி, சாத்தூர் எல்லாம் புதிய விருதுநகர் தொகுதிக்குள் வந்தன. கூடவே மதுரை மாவட்டத்துத் திருமங்கலமும் திருப்பரங்குன்றமும்! அதனால் பழைய சிவகாசி வாக்குகளை விருதுநகரோடு நேராக ஒப்பிடுவது சரிவராது.

அப்புறம், சிவகாசி தேர்தல் வரைபடத்திலேயே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டமன்றத் தொகுதியாக அது இன்றும் இருக்கிறது.