பாப்பாவுக்கு 720 விடைகள்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்காக, எழுத்துகளை இடம் மாற்றிப் போடும் சொல் விளையாட்டு ஒன்றைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதுகிறேன். 'பாப்பா' என்ற சொல்லை, பைத்தானோடு வரும் இட்டர்டூல்ஸ் தொகுப்பில் எல்லா இடமாற்றங்களையும் தரும் பெர்முட்டேஷன்ஸிடம் கொடுத்தால் 720 விடைகள் வருகின்றன. பலவற்றைப் படிக்கவே முடியவில்லை. அகரவரிசையிலும் இல்லை. அகரவரிசையில்தான் தரும் என்று படித்திருந்தேனே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

720 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். நமக்குப் 'பாப்பா' மூன்று எழுத்து. கணினிக்காக எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள், ஆகவே பைத்தானுக்கு அது ஆறு. ஆறையும் கலைத்துப் போட்டால் 720. துணைக்கால் அந்தரத்தில் நின்றால் எப்படிப் படிப்பது? குறிகளை அவற்றின் மெய்யோடு ஒட்டி பா, ப், பா என்று பட்டியலாக்கிக் கொடுங்கள். ஆறு விடைகள் வரும், ஒவ்வொன்றும் இரண்டு முறை. ஏனென்றால் பெர்முட்டேஷன்ஸ் எழுத்து எது என்று பார்ப்பதில்லை, அது நிற்கும் இடத்தை மட்டுமே பார்க்கிறது. அதன் அகரவரிசை என்பது நீங்கள் கொடுத்த வரிசைதான்.

சி பிளஸ் பிளஸ் என்ற இன்னொரு நிரல்மொழியில், ஒரு வரிசையைக் கொடுத்தால் அதற்கு அடுத்ததைத் தரும் நெக்ஸ்ட் பெர்முட்டேஷன் மதிப்பைப் பார்க்கும், இரட்டிப்பு வராது. அதன் வழிமுறை எனக்கு மிகவும் பிடித்தது. 1 3 5 4 2 என்று வையுங்கள். வலமிருந்து வாருங்கள்: 2, 4, 5 என ஏறி, 3-இல் இறங்குகிறது. 3-க்கு வலப்பக்கம் அதைவிடப் பெரியவற்றில் சிறியது 4. இரண்டையும் மாற்றினால் 1 4 5 3 2. அப்புறம் வால்பகுதியைத் திருப்புங்கள்: 1 4 2 3 5. அவ்வளவுதான், அடுத்தது கிடைத்துவிட்டது. இந்தியக் கணித அறிஞர் நாராயண பண்டிதர் 1356-இல் எழுதிய கணித கௌமுதியிலேயே இந்த முறை இருக்கிறது. பைத்தானில் நீங்களே பத்து வரியில் எழுதிவிடலாம்.

சரி, அகரவரிசை. நம் அகராதியில் ப் முதலில், பா பிறகு. யூனிகோடு எண்ணிலோ துணைக்காலுக்குப் பின்னால்தான் புள்ளி. அப்படியே வரிசைப்படுத்தினால் பாபாப், பாப்பா, ப்பாபா என்று நேர் தலைகீழாக வரும். ஆகவே எழுத்துகளுக்கு நீங்களே எண் கொடுங்கள்: ப் 1, பா 2. இப்போது மேலே சொன்ன முறையை 1 2 2-இல் தொடங்கினால் ப்பாபா, பாப்பா, பாபாப் என மூன்றே விடைகள், முறையான வரிசையில்.

எண் கொடுக்கும்போது ன-வையும் கவனியுங்கள். யூனிகோடில் அது ந-வை அடுத்து உட்கார்ந்திருக்கிறது, நம் நெடுங்கணக்கில் அதுதான் கடைசி மெய்.