குக்கி பார்ட்டி: சர்க்கரையைவிடப் பச்சை மாவைக் கவனியுங்கள்

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் 4 வயது நிறைகிறது. கேக் வேண்டாம், 'குக்கி பார்ட்டி' வேண்டும் என்கிறாள். வீட்டிலேயே மாவு பிசைந்து, வரும் பிள்ளைகளையும் வடிவம் வெட்டவிட்டு, கலர் ஐசிங் போட்டு அலங்கரிக்க வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். எல்.கே.ஜி. தோழிகளும் அபார்ட்மென்ட் பிள்ளைகளுமாகப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அதில் ஒரு பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்று அவன் அம்மா சொன்னார். என் தங்கையின் 10 மாதக் குழந்தையும் வரும். "இத்தனை இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி வரும்" என்கிறார் மாமியார். சர்க்கரை உள்ளே போனால் இவள் கட்டுக்கடங்காமல் ஆடுவாள் என்பது என் கணவரின் கவலை. நாட்டுச் சர்க்கரையும் கேழ்வரகும் போட்டுச் செய்தால் பயமில்லையா, டாக்டர்?
– ஒரு வாசகி, ஈரோடு

குழந்தைகள் நல மருத்துவரின் பதில்:

தாராளமாகச் செய்யுங்கள், அம்மா. குழந்தைக்குத் தன் கையால் எதையாவது செய்துபார்க்கும் வாய்ப்பைத் தருகிற பிறந்தநாள் நல்ல பிறந்தநாள். உங்கள் வீட்டில் எல்லோரும் சர்க்கரையைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். எனக்கோ சர்க்கரையைவிட நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. ஒன்று, பிள்ளைகள் கையில் பச்சை மாவு. இன்னொன்று, அந்த வேர்க்கடலைப் பையன்.

முதலில் மாவு. மைதாவோ கோதுமை மாவோ பார்க்க வெள்ளையாக, சுத்தமாக இருக்கும். ஆனால் அது வயலில் விளைந்த தானியத்தை அரைத்தது, அவ்வளவுதான். கிருமியைக் கொல்லும் அளவு சூடு அதற்கு எங்கேயும் காட்டப்படுவதில்லை. மாட்டுச் சாணம், பறவை எச்சம், மண் என்று எதிலிருந்தும் ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகள் அதில் ஒட்டியிருக்கலாம். நாம் சப்பாத்தியாகச் சுட்டும் பூரியாகப் பொரித்தும் சாப்பிடுவதால் தப்பித்துக்கொள்கிறோம். குக்கி மாவின் கதை வேறு. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து, வேகாமலேயே ருசியாக இருப்பதால் பிள்ளைகள் அதை வழித்து நக்கிவிடுவார்கள்.

2009இல் அமெரிக்காவில் கடையில் வாங்கிய குக்கி மாவைப் பச்சையாகத் தின்றதால் 70 பேருக்கு மேல் ஈ.கோலை தொற்றில் விழுந்தார்கள். 2016இல் மீண்டும் ஒரு பரவல். அந்த முறை காரணம் கோதுமை மாவேதான் என்று உறுதியானது. இந்த வகை ஈ.கோலை சாதாரண வயிற்றுப்போக்கோடு நின்றுவிடாது. ரத்தபேதியில் தொடங்கி, சிலருக்கு அதன் நச்சு சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். அப்படிப் பாதிக்கப்படுவோரில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளே அதிகம். உங்கள் விருந்தாளிகளின் வயது அதுதான். முட்டை சேர்த்தால் சால்மோனெல்லா அபாயமும் கூடும். 'எக்லெஸ்' என்றால் முட்டை பயம் போகும், மாவு பயம் போகாது. மாவை வாணலியில் வறுத்துவிட்டால் சரியாகிவிடுமே என்று கேட்பார்கள். வீட்டு வறுவலில் சூடு எல்லா இடத்திலும் ஒரே சீராக ஏறும் என்று நம்ப முடியாது.

ஆகவே என் யோசனை இது. மாவு பிசைவது, வெட்டுவது, சுடுவது எல்லாவற்றையும் முந்தின நாளே நீங்களும் உங்கள் மகளும் முடித்துவிடுங்கள். அவள் ஒருத்தி என்றால் பக்கத்தில் நின்று, விரல் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ள முடியும். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிடலாம். பன்னிரண்டு பிள்ளைகளை அப்படிக் காக்க யாராலும் ஆகாது. பார்ட்டியில் வெந்து ஆறிய குக்கியை ஆளுக்கு மூன்று கொடுத்து, அலங்கரிக்க மட்டும் விடுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு உற்சாகம் முழுக்க அலங்காரத்தில்தான் இருக்கிறது. இன்னொரு லாபம், சூடான ஓவன் பக்கம் எந்தக் குழந்தையும் வராது. முந்தின நாள் யார் கையாவது சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம்.

இப்போது வேர்க்கடலை. அந்தப் பையனின் அம்மாவை இன்றே போனில் கூப்பிட்டுக் கேளுங்கள்: சாப்பிட்டால் என்ன ஆகும்? வயிறு உப்புசமா, உடம்பெங்கும் தடிப்பா, உதடு வீங்கியதா, மூச்சு வாங்கியதா? எவ்வளவு சாப்பிட்டதில் வந்தது? டாக்டர் மருந்து ஏதாவது கையில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறாரா? தடிப்போ வீக்கமோ மூச்சுத் திணறலோ ஒருமுறை வந்திருந்தாலும் அது உண்மையான ஒவ்வாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 'அவனுக்கு மட்டும் தனித் தட்டு' என்ற ஏற்பாடு போதாது. அன்றைக்கு அந்த வீட்டில் வேர்க்கடலையே இருக்கக் கூடாது. சுடுவதால் வேர்க்கடலையின் ஒவ்வாமைத் தன்மை போய்விடாது. ஒரே கரண்டி, ஒரே கட்டிங் போர்டு, கடலை மிட்டாய் தின்ற கையோடு தொட்ட ஸ்பிரிங்கிள்ஸ் (மேலே தூவும் கலர் இனிப்பு மணிகள்) கிண்ணம், இவையே அவனுக்கு ஒவ்வாமை வரப் போதும்.

நம் வீடுகளில் பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று கடலை எண்ணெய். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் இருக்கும். ஈரோட்டுப் பக்கம் செக்கு எண்ணெய் இல்லாத சமையலறை குறைவு என்பதால் சொல்கிறேன்: ட்ரேயில் தடவுவதற்கு வெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் முறுக்கோ பஜ்ஜியோ செய்தாலும் அதே கவனம் வேண்டும். கடையில் வாங்கும் சாக்லேட் சிப்ஸ், ஸ்பிரிங்கிள்ஸ் பாக்கெட்டின் பின்னால் சிறிய எழுத்தில் வேர்க்கடலை இருக்கலாம் என்று போட்டிருக்கிறதா என்று படியுங்கள். சில்லறையில் அளந்து தரும் பருப்புத் தூள் வேண்டவே வேண்டாம். மற்ற பெற்றோர்களிடமும் பால், முட்டை, முந்திரி, கோதுமை பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டுவிடுங்கள். யாராவது அன்பாகத் தூத்துக்குடி மக்ரூன் வாங்கி வந்தால் அதில் முட்டை வெள்ளையும் முந்திரியும்தான் எல்லாமே என்பதையும் நினைவில் வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது நடந்தால் அறிகுறிகள் பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தடிப்போடு குரல் கம்முவது, இடைவிடாத இருமல், மூச்சில் விசில் சத்தம், அடுத்தடுத்து வாந்தி, குழந்தை வெளிறித் துவள்வது என்று எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். அந்த நேரத்தில் உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சை மீட்காது. அதைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பார்க்கலாம் என்று உட்காரவே கூடாது. குழந்தையைப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார்த்தி வையுங்கள்.

இனி சர்க்கரைக்கு வருவோம். உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: இனிப்பால் பூச்சி வராது. குடற்புழுவின் முட்டை மண்ணிலிருந்தும், கழுவாத காய்கறியிலிருந்தும், நகக்கண்ணிலிருந்தும்தான் வயிற்றுக்குள் போகிறது. ஆனாலும் அவர் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு தரும் கீரிப்பூச்சி, சொறிந்த விரல் வழியாகத்தான் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தாவுகிறது. பன்னிரண்டு பேர் ஒரே கிண்ணத்தில் கைவிட்டு ஸ்பிரிங்கிள்ஸ் எடுத்தால் அதற்கு வழி திறந்துவிடும். ஆளுக்கொரு சிறு கிண்ணம், உட்காரும் முன் எல்லோருக்கும் சோப்பு போட்டுக் கை கழுவல், வெட்டிய நகம் – இவை போதும். குடற்புழு நீக்க நாளில் அரசு தரும் அல்பெண்டசோல் மாத்திரையை உங்கள் மகள் இந்த முறை போட்டுக்கொண்டாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் கவலையை நானும் கிளினிக்கில் அடிக்கடி கேட்கிறேன். சர்க்கரைக்கும் குழந்தைகளின் நடத்தைக்கும் உள்ள தொடர்பைப் பார்த்த ஆய்வுகளை 1995இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, சர்க்கரை பிள்ளைகளைத் துள்ள வைக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்கு முந்தின ஆண்டு வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகள் யாருக்கும் சர்க்கரை கொடுக்கவில்லை; அம்மாக்களில் பாதிப் பேரிடம் மட்டும் 'உங்கள் மகனுக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்' என்று சொன்னார்கள். அந்த அம்மாக்களுக்குத் தம் பிள்ளை அதிகமாக ஆடுவதாகத் தெரிந்தது. பிறந்தநாளில் உங்கள் மகள் ஆடுவதற்குக் காரணம் பிறந்தநாள்தான்: கூட்டம், பாட்டு, தவறிப்போன மதியத் தூக்கம், சரியாகச் சாப்பிடாத வயிறு. மதியம் சாப்பிட வைத்துத் தூங்கவிட்டு, மாலை நாலரைக்குத் தொடங்கி ஆறுக்குள் முடித்துவிடுங்கள். குக்கிக்கு முன்னால் குட்டி இட்லியோ சாண்ட்விச்சோ கொடுத்துவிட்டால் இனிப்பும் தானாகக் குறையும்.

இதனால் சர்க்கரைக்கு அளவே வேண்டாம் என்று ஆகிவிடாது. பல்லுக்கும் எடைக்கும் அது கெடுதல்தான். 2 வயதுக்கு மேல் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கால் கிலோ மைதா, 125 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரையில் சிறியதாக 35 குக்கி வரும். ஒன்றில் சர்க்கரை சுமார் 3 கிராம். மூன்று தின்றாலும் 9 கிராம்தான். ஆனால் ஒரு மேசைக்கரண்டி ஐசிங் சர்க்கரையே 8 கிராம் இருக்கும். மூன்று குக்கிக்கும் தாராளமாகப் பூசினால் குக்கியைவிட அலங்காரத்தில் அதிகச் சர்க்கரை போய்விடும். அதனால் ஒரு பிள்ளைக்கு ஒரு மேசைக்கரண்டி ஐசிங் என்று அளந்து வையுங்கள். கூடவே டெட்ரா பேக் ஜூஸ் கொடுத்துவிடாதீர்கள், ஒரு பாக்கெட்டிலேயே 20 கிராமைத் தாண்டும் வகைகள் பல. தண்ணீரோ மோரோ போதும். தின்று முடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம் எல்லாம் உடம்புக்கும் பல்லுக்கும் சர்க்கரைதான். கருப்பட்டியின் மணம் பிடித்தால் போடுங்கள், 'இது ஆரோக்கியமானது' என்று இரண்டு கூடுதலாகக் கொடுத்துவிடாதீர்கள். கேழ்வரகில் கால்சியமும் நார்ச்சத்தும் உண்டு, பாதி மைதாவுக்குப் பதில் சேர்த்தால் குக்கி நன்றாகவே வரும். வனஸ்பதி வேண்டாம், வெண்ணெய் போதும்.

ஐசிங்கைப் பச்சை முட்டை வெள்ளையில் அடிக்கும் பழக்கம் உண்டு. நீங்கள் பாலோ எலுமிச்சைச் சாறோ சில துளி விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு பீட்ரூட் சாறு, சிட்டிகை மஞ்சள் போதுமே. பொட்டலமாக விற்கும் கலர் பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது, துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் இருந்ததால்தான்.

இதைவிட அழுத்திச் சொல்ல வேண்டியது பளபளக்கும் தங்க, வெள்ளித் தூள். 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் கேக்கில் அப்படியொரு தூளைப் பூசியிருந்தார்கள். அதைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தி, பேதி. பரிசோதித்தபோது அது செம்புத் தூள். இத்தகைய டப்பாக்களில் 'நச்சு இல்லாதது' என்று எழுதியிருந்தால் அது உண்ணத் தகுந்தது என்று அர்த்தமாகிவிடாது. உணவுப் பொருள் என்ற குறிப்பும், சேர்மானப் பட்டியலும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிம எண்ணும் இல்லாத எதையும் குக்கிமேல் தூவாதீர்கள்.

கெட்டியான வெள்ளி உருண்டைகள், முழு முந்திரி, பட்டன் சாக்லேட் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். மூச்சுக்குழாயில் போய் அடைக்கக்கூடிய அளவு அவை. எல்லோரும் உட்கார்ந்துதான் தின்ன வேண்டும். உடைந்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், அது தொண்டையில் ஒட்டினால் எடுப்பது மிகக் கடினம். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு அடைத்துக்கொண்டு, இருமவும் முடியாமல் போனால், முன்னால் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையென்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே 5 முறை உள்நோக்கி மேலாக அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாயில் விரலை விடாதீர்கள்.

உங்கள் தங்கையின் குழந்தைக்கு இந்தக் குக்கி வேண்டாம். 2 வயது வரை சேர்க்கும் சர்க்கரையே தேவையில்லை. சர்க்கரைக்குப் பதில் தேன் விட்டுச் செய்திருந்தால் அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலிருக்கும் கிருமி வித்துகள் குடலில் முளைத்து, தசைகளைத் தளர்த்தி மூச்சையே பாதிக்கும் நோயை உண்டாக்கலாம். ஓவன் சூட்டில் அந்த வித்துகள் சாவதில்லை. நாக்கில் தேன் தடவும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மசித்த வாழைப்பழமோ, ஆவியில் நன்றாக வேகவைத்து மசித்த ஆப்பிளோ அந்தக் குழந்தைக்குப் போதும்.

யாருக்காவது சளி, காய்ச்சல், கை-கால்-வாயில் கொப்புளம் இருந்தால் அன்றைக்கு வர வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கான குக்கியை டப்பாவில் போட்டு மறுநாள் கொடுத்தனுப்பலாம். உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள்.