சிஎஸ்வி கோப்புகளை அட்டவணையில் ஏற்றுவது: கேள்விகளும் பதில்களும்

மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய உரைக்கோப்பே சிஎஸ்வி. காற்புள்ளி, தாவல் குறி, அரைப்புள்ளி போன்ற பிரிப்பான்களைக் கொண்ட உரைக்கோப்புகளைத் தரவுத்தளத்திலும் பகுப்பாய்வு மென்பொருளிலும் ஏற்றித் தருவதுதான் பல ஆண்டுகளாக என் அன்றாட வேலை. அந்த வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து, பலர் கேட்டவற்றுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (புள்ளியியல் முதுகலை மாணவி): ஐயா, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டத் தரவை சிஎஸ்வி கோப்பாக வைத்திருக்கிறேன். ஒருமுறை எக்செல்லில் திறந்து பார்த்துவிட்டுச் சேமித்தேன். அதன்பின் இன்னொரு அட்டவணையோடு இணைத்தால் சில மாநிலங்கள் காணாமல் போகின்றன. தமிழ்நாடு மட்டும் சரியாகவே வருகிறது. என்ன காரணம்?

பதில்: மாநிலக் குறியீடுகளின் முன்னால் இருந்த சுழியம் உதிர்ந்துவிட்டது, அம்மா. அந்தக் கணக்கெடுப்பில் ஜம்மு காஷ்மீரின் குறியீடு 01, பஞ்சாபின் குறியீடு 03, உத்தரப் பிரதேசத்தின் குறியீடு 09, தமிழ்நாட்டின் குறியீடு 33. எக்செல் 01 என்பதை எண் என்று எடுத்துக்கொண்டு 1 என்று சேமித்துவிடுகிறது. 33-க்கு அதனால் எந்தச் சேதமும் நேர்வதில்லை. ஆகவே தமிழ்நாட்டு வரிகளை மட்டும் சரிபார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் நாட்டிலேயே மக்கள்தொகை மிகுந்த மாநிலம் உட்பட முதல் ஒன்பது குறியீடுகளும் இணைப்பில் விழுந்துபோயிருக்கும்.

சிஎஸ்வி கோப்புக்குள் எழுத்துகள் மட்டுமே இருக்கின்றன. இந்த நெடுவரிசை எண், அது தேதி, இது பெயர் என்று சொல்லும் எந்தக் குறிப்பும் அதற்குள் இல்லை. திறக்கும் மென்பொருள் தானாக ஊகிக்கிறது, அந்த ஊகத்தின் விளைவை நாம் சுமக்கிறோம். எனவே கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். எக்செல்லில்தான் பார்க்க வேண்டும் என்றால், தரவுப் பட்டியலில் உள்ள உரைக்கோப்பு இறக்குமதி வழியாகச் சென்று, குறியீட்டு நெடுவரிசைகளை உரை என்று தேர்ந்தெடுங்கள். பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் ஏற்றும்போது, டிடைப் என்ற அளபுருவில் (கட்டளையோடு நாம் கொடுக்கும் அமைப்பில்) அந்த நெடுவரிசைகளுக்கு ஸ்டிரிங் என்று கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கோப்பைச் சரிசெய்ய முடியும். குறியீட்டின் நீளம் எப்போதும் இரண்டு இலக்கம் என்று தெரிந்திருப்பதால், குறைவாக உள்ளவற்றின் முன் சுழியத்தைச் சேர்த்துவிடலாம். ஆனால் 16 இலக்க அட்டை எண்ணோ கணக்கு எண்ணோ இவ்வாறு எக்செல் வழியாகச் சென்று வந்திருந்தால் மீட்க வழியில்லை, ஏனெனில் எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியம் காப்பதில்லை. பதினாறாவது இலக்கம் சுழியமாகிவிடும். அப்போது மூலக்கோப்பைத் திரும்பக் கேட்டு வாங்குவது ஒன்றே வழி.

கேள்வி (தனியார் நிறுவனத்தில் பகுப்பாய்வாளர்): வேறு மென்பொருள்கள் எக்செல்லைவிட நன்றாக ஊகிக்கின்றன அல்லவா? நம்பி விட்டுவிடலாமா?

பதில்: நன்றாக ஊகிக்கின்றன என்பது உண்மை, ஆனால் பெரும்பாலானவை ஒரு மாதிரியை மட்டும் பார்த்து ஊகிக்கின்றன. ஆர் மொழியின் ரீடர் தொகுப்பு இயல்பாக 1,000 வரிகளையும், டக்டிபி என்ற தரவுத்தளம் ஏறத்தாழ 20,000 வரிகளையும் பார்த்து வகையை முடிவு செய்கின்றன. மாதிரியில் சிக்காத ஒரு வரியில் “விவரம் இல்லை” என்று யாரோ எழுதியிருந்தால், அந்த இடம் வெற்றாகிவிடும் அல்லது ஏற்றமே பாதியில் நின்றுவிடும். பாண்டாஸோ பெரிய கோப்பைத் துண்டு துண்டாகப் படித்து, ஒரே நெடுவரிசையில் சில இடங்களில் எண்ணும் சில இடங்களில் உரையுமாக வைத்துவிட்டு ஓர் எச்சரிக்கை மட்டும் கொடுக்கும். அந்த எச்சரிக்கையைப் பலரும் கடந்து போய்விடுகிறார்கள்.

நான் பின்பற்றும் முறை இது: முதலில் எல்லா நெடுவரிசைகளையும் உரையாகவே ஓர் இடைநிலை அட்டவணையில் ஏற்றிவிடுவேன், பிறகு ஒவ்வொரு நெடுவரிசையையும் நானே எண்ணாகவோ தேதியாகவோ மாற்றி, மாற முடியாமல் நின்ற மதிப்புகளைத் தனியே எடுத்துப் பார்ப்பேன். நேரம் சற்றுக் கூடுதலாகும். ஆனால் கோப்பைத் தயாரித்தவர்கள் எங்கே கைத்தவறு செய்திருக்கிறார்கள் என்பது முழுவதும் அந்தத் தனிப்பட்டியலில் தெரிந்துவிடும்.

கேள்வி (நகராட்சித் தரவோடு பணியாற்றும் தன்னார்வலர்): முகவரிக்குள் காற்புள்ளி வருவதால் நெடுவரிசைகள் தள்ளிப்போகின்றன. காற்புள்ளிகளை எல்லாம் நீக்கிவிடலாமா?

பதில்: நீக்க வேண்டாம். ஒரு வரியை அருகில் வைத்துப் பார்ப்போம்:

1047,"12, வடக்கு மாசி வீதி, மதுரை",625001

இதில் மூன்று புலங்கள்தான், அதாவது மூன்று மதிப்புகள்தான் இருக்கின்றன. இரட்டை மேற்கோள் குறிக்குள் வரும் காற்புள்ளி பிரிப்பான் அல்ல என்பது சிஎஸ்வி வடிவத்தை விவரித்து 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணம் எழுதிவைத்த வழக்கம். முகவரிக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால் அதை இரண்டு முறை எழுத வேண்டும் என்பதும், மேற்கோளுக்குள் வரிமுறிவும் வரலாம் என்பதும் அதே ஆவணத்தில் உள்ளன. ஆகவே கோப்பின் வரிகளை எண்ணி அதையே பதிவுகளின் எண்ணிக்கை என்று கொள்ளக் கூடாது.

உங்கள் கோப்பில் அந்த மேற்கோள் குறிகள் இல்லாததால் மேற்கண்ட வரி ஐந்து புலங்களாக உடைகிறது. தவறான வரிகளைத் தவிர்த்துவிடும்படி பாண்டாஸிடம் சொல்லும் வசதி இருக்கிறது. அவசரத்தில் அதைப் பயன்படுத்தி முகவரி நீளமான குடும்பங்களை எல்லாம் ஆய்விலிருந்து நீக்கிவிட்ட ஒரு வேலையை நான் பார்த்திருக்கிறேன். கோப்பைத் தருகிறவர்களிடம் மேற்கோள் குறியோடு, அல்லது தாவல் குறியைப் பிரிப்பானாகக் கொண்டு, மறுபடி ஏற்றுமதி செய்து தரச் சொல்லுங்கள். அது இயலாவிட்டால், முதல் புலத்தையும் கடைசிப் புலத்தையும் இரு பக்கத்திலிருந்தும் பிரித்தெடுத்து, நடுவில் மிஞ்சுவதை முகவரி என்று கொள்ளலாம்.

இதோடு தொடர்புடைய இன்னொன்று: ஒவ்வொரு வரியின் இறுதியிலும் மிகையாக ஒரு காற்புள்ளி இருந்து, தலைப்பு வரியில் மட்டும் அது இல்லாவிட்டால், பாண்டாஸ் முதல் நெடுவரிசையைச் சுட்டெண்ணாக (வரிகளின் அடையாளமாக) எடுத்துக்கொண்டு தலைப்புகளை எல்லாம் ஓரிடம் நகர்த்திவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஏற்றிய உடனே முதல் ஐந்து வரிகளைக் கண்ணால் பார்ப்பது இதற்காகத்தான்.

கேள்வி (நூலகர்): தமிழ் நூற்பட்டியலைத் திறந்தால் எழுத்துகள் எல்லாம் புரியாத குறிகளாக வருகின்றன.

பதில்: கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் ஒரு முறையில்) இருக்கிறது, ஆனால் மென்பொருள் அதை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்று நினைத்துப் படிக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். அந்த மூன்றும் தனித்தனி எழுத்தாகக் காட்டப்படுவதால்தான் ஒரு சொல் அவ்வளவு நீளமாகத் தெரிகிறது. தரவு கெடவில்லை. ஏற்றும்போது குறியாக்கத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டால் சரியாகிவிடும். கெட்ட தோற்றத்தோடு சேமிக்க மட்டும் செய்யாதீர்கள்.

எக்செல் சேமித்துத் தந்த யூடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டு அடையாளம் ஒன்று இருக்கும். அது முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொண்டால், அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்று நிரல் சொல்லும். பைத்தானில் யூடிஎஃப்-8-சிக் என்ற குறியாக்கத்தைக் கொடுத்தால் அது நீங்கிவிடும். பட்டியல் மிகப் பழையதாக இருந்தால் அது டிஸ்கி, டேப், பாமினி போன்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களில் உள்ளிடப்பட்டதாக இருக்கலாம். அதை ஏற்றுவதற்கு முன்பே குறியாக்க மாற்றி மென்பொருள் ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

கேள்வி (மாணவர்): அண்ணா, இரண்டு அட்டவணையிலும் “கொடைக்கானல்” என்றுதான் இருக்கிறது. ஆனால் இணைக்கும்போது பொருந்தவில்லை. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை.

பதில்: தமிழ்த் தரவோடு வேலை செய்கிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது, தம்பி, நம் மொழிக்கே உரிய இடர் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இரு சொற்களின் நீளத்தையும் நிரலில் அளந்து பாருங்கள். ஒன்று 11 என்றும் மற்றது 12 என்றும் வரக்கூடும். “கொ” என்ற எழுத்தை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகர உயிர்மெய்க் குறி என ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் வரும் ஒற்றைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். யூனிகோடின் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை (ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்கும் முறையை) இரு அட்டவணைகளிலும் இணைப்புக்கு முன் இயக்கினால், பிரிந்து நிற்கும் கொம்பும் காலும் ஒரே குறியாகச் சேர்ந்துவிடும்.

ஆனால் ஔகாரத்துக்கு அது போதாது. “கௌரி” என்று எழுத வேண்டிய இடத்தில் பலர் கொம்புக்குப் பின் ளகரத்தையே தட்டச்சு செய்து “கெளரி” என்று எழுதியிருப்பார்கள். ளகரம் தனி எழுத்து என்பதால் எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது. “வெளி”, “தெளிவு” போன்ற சரியான சொற்களும் இருப்பதால் கண்மூடி மாற்றவும் கூடாது; பொருந்தாத பெயர்களைப் பட்டியலிட்டுக் கையால்தான் திருத்த வேண்டும். சொல்லின் இறுதியில் ஒட்டியிருக்கும் வெற்றிடங்களையும் மறவாமல் நீக்குங்கள்.

கேள்வி (கணக்காளர்): தொகைகள் 12,50,000 என்று இலட்சக் கணக்கில் எழுதப்பட்டுள்ளன. எண்ணாக மாறுமா?

பதில்: மாறும். பாண்டாஸின் ஆயிரப் பிரிப்பான் அளபுருவில் காற்புள்ளியைக் கொடுத்தால் போதும். அது மூன்று இலக்கமா இரண்டா என்று பார்ப்பதில்லை, காற்புள்ளியை நீக்கிவிட்டுப் படிக்கிறது. தொகை மேற்கோளுக்குள் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மருத்துவமனைப் பதிவேட்டுப் பணியாளர்): 03/04/2021 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? சில தேதிகள் மாறியும் சில சரியாகவும் ஏறியிருக்கின்றன.

பதில்: நாள் 12-க்கு மேல் இருந்தால் அது மாதமாக முடியாது என்பதால் அந்தத் தேதிகள் சரியாக ஏறின, 12 வரையிலானவை அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலாகப் படிக்கப்பட்டு இடம் மாறிவிட்டன. பாண்டாஸின் பழைய பதிப்புகள் ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியே ஊகித்தன. 2023-இல் வந்த 2.0 பதிப்பு முதல், முதல் மதிப்பின் வடிவத்தையே எல்லாவற்றுக்கும் கொண்டு, பொருந்தாவிட்டால் பிழை காட்டுகிறது. உரையாக ஏற்றி, நாள்-மாதம்-ஆண்டு என்ற வடிவத்தை நீங்களே எழுதிக் கொடுத்து மாற்றுங்கள். இன்னும் வராத மாதங்களில் பதிவுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது எளிய சோதனை.

கேள்வி (வேளாண் ஆய்வு மாணவர்): மழையளவுக் கோப்பில் வெற்றிடங்கள் உள்ளன. அவற்றைச் சுழியம் என்று நிரப்பலாமா?

பதில்: கூடாது. சுழியம் என்றால் அன்று மழை இல்லை. வெற்றிடம் என்றால் அன்று யாரும் அளக்கவில்லை. இரண்டையும் கலந்தால் சராசரி மழையளவு குறைந்துவிடும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் லோட் டேட்டா கட்டளையைக் கவனமாகக் கையாளுங்கள்: தவறான மதிப்பை ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்தாலோ, லோக்கல் என்று சேர்த்து இயக்கினாலோ, எண் நெடுவரிசையில் வெற்றுப் புலம் சுழியமாகப் பதிந்துவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் காப்பி கட்டளையில் சிஎஸ்வி வடிவத்தைத் தேர்ந்தால், மேற்கோள் இல்லாத வெற்றுப் புலம் மதிப்பின்மை என்றே பதியும். எதிர்த் திசையிலும் ஓர் இடர் உண்டு: நமீபியாவின் நாட்டுக் குறியீடு என், ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், பாண்டாஸ் அதை ‘மதிப்பு இல்லை’ என்று எடுத்துக்கொண்டு அந்த நாட்டையே வெற்றாக்கிவிடும். வெற்று என்று பாண்டாஸ் தானாகவே கொள்ளும் சொற்களின் பட்டியலை அணைத்துவிட்டு, எவை வெற்று என்பதை நீங்களே பட்டியலிடுங்கள்.

கேள்வி (அரசுத் திட்டத்தில் தரவு உதவியாளர்): ஏற்றியது முழுமையாக ஏறியதா என்பதை எப்படி உறுதி செய்வது? எங்கள் கோப்பில் இருபது இலட்சம் பதிவுகள் உள்ளன.

பதில்: முதலில், அதை எக்செல்லில் திறக்காதீர்கள்; ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் அது ஏற்காது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தின் எல்லை 65,536 வரிகள் மட்டுமே. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில், ஆய்வகங்கள் அனுப்பிய சிஎஸ்வி கோப்புகள் அந்தப் பழைய வடிவத்துக்கு மாற்றப்பட்டபோது எல்லை தாண்டிய வரிகள் விடுபட்டு, 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமானது. ஒரு கோப்பை ஏற்றுவது எவ்வளவு பொறுப்பான வேலை என்பதை நான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தான் விளக்குகிறேன்.

கோப்பைத் தருகிறவர்களிடம் மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: பதிவுகளின் மொத்த எண்ணிக்கை, ஏதேனும் ஒரு தொகை நெடுவரிசையின் கூட்டுத்தொகை, அடையாள எண்களில் தனித்தவை எத்தனை என்பது. போஸ்ட்கிரெஸில் ஏற்றிய பின் அதே மூன்றையும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். காப்பி கட்டளை, நீங்கள் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, ஒரு வரி தவறினாலும் முழு ஏற்றத்தையும் திரும்பப் பெற்றுவிடும். அதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள், பிழைச் செய்தியில் வரி எண்ணையும் அது சொல்லும். அக்கட்டளை சேவையகத்தில் உள்ள கோப்பைத்தான் தேடும் என்பதால், கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பிஎஸ்க்யூஎல் முனையத்தில் முன்னால் பின்சாய்கோடு இட்ட காப்பியைப் பயன்படுத்துங்கள். வந்த மூலக்கோப்பை எழுத முடியாதபடி பூட்டி, வந்த தேதியோடு தனி அடைவில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து மேலதிகாரி ஓர் எண்ணைச் சுட்டிக்காட்டி இது எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது, அந்தக் கோப்பைத் திறந்து அதே வரியைக் காட்ட உங்களால் முடியும்.