அப்பாவுக்குக் கேட்காத பேஸ்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வயது 23. உங்கள் இசைக் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறவன். ஒரே ஒரு வருத்தம்: புதிய எலெக்ட்ரானிக் பாப் பற்றியோ ராப் பற்றியோ நீங்கள் ஒரு வரிகூட எழுதியதில்லை. பிடிக்காதா, இல்லை கேட்டதே இல்லையா?

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது ஹெட்போனில் இதைத்தான் கேட்கிறேன். 2024இல் பிரிட்டிஷ் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸின் ‘பிராட்’ ஆல்பத்தை முதல்முறை கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ராப்பில் டிராப், டிரில் என்று என்னென்னவோ நடக்கிறது. இப்படி ஒரு சத்தம் உலகத்தில் இதற்கு முன்னால் வந்ததே இல்லை என்று அடித்துச் சொல்வேன். பழைய பாட்டெல்லாம் இப்போது தண்ணீர் ஊற்றிய ரசம் மாதிரி இருக்கிறது.

வீட்டில் போட்டால் அப்பா கத்துகிறார். ‘இது பாட்டாடா? மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு’ என்கிறார். இத்தனைக்கும் ஊர்த் திருவிழாவில் உறுமிச் சத்தம் கேட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்குகிறவர் அவர். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? 11 பாட்டுகள் அடங்கிய பட்டியல் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஆர்.

*

அன்புள்ள ஆர்,

11 பாட்டையும் கேட்டேன், இரண்டு முறை. முதல் முறை சமையல் மேடையில் ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன். உங்கள் அப்பா சொல்வதுதான் சரி என்று பட்டது. கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு ட்சிக் ட்சிக். அதன்மேல் ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போகிறார். கீழே ஒன்றுமே இல்லை.

அப்புறம் அக்கா மகனிடம் ஹெட்போனை இரவல் வாங்கி, ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மறுபடி கேட்டேன். இரண்டாவது பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தரைக்கு அடியிலிருந்து ஏதோ எழுந்து வந்தது. ஹெட்போனைக் கழற்றி, தெருவில் லாரி எதுவும் போகிறதா என்று பார்த்தேன். தெரு காலியாக இருந்தது.

நீங்கள் வீட்டில் போடுவது ஃபோன் ஸ்பீக்கரில்தானே? அப்படியானால் நீங்களும் அப்பாவும் ஒரே பாட்டைக் கேட்கவில்லை. இந்த ராப் பாட்டுகளில் அடியில் ஓடும் பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, பெரும்பாலும் 40, 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். ஃபோனில் இருப்பது நகத்தளவு ஸ்பீக்கர். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் உருப்படியாக எதுவும் வராது. வீட்டின் அஸ்திவாரத்தையும் சுவரையும் எடுத்துவிட்டு கூரையை மட்டும் அந்தரத்தில் தொங்கவிட்டு ‘எப்படி இருக்கிறது வீடு’ என்று அவரிடம் கேட்கிறீர்கள். இந்தப் பாட்டுகளைச் செய்கிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் பேஸை வேண்டுமென்றே கொஞ்சம் கரகரப்பாக்குவார்கள். அப்போது அந்த அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்கள் சிலவாவது ஃபோனில் வரும், இல்லாத அடிச்சுரத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆனால் அந்தப் பாட்டை ஹெட்போனில் ஏற்கெனவே கேட்ட உங்கள் மூளைக்கு அது சுலபம். அப்பாவின் மூளை எதை வைத்து நிரப்பும்?

அந்த பேஸுக்கு ராப் உலகத்தில் ‘எயிட் ஓ எயிட்’ என்று பெயர். அது ஒரு இயந்திரத்தின் எண். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த டிஆர்-808 என்ற தாளப்பெட்டி. டிரம்மர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் பாட்டின் மாதிரிப் பதிவு செய்யத் துணையாக இருக்கட்டும் என்பதே நோக்கம். நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி முறையாக இசை படித்தவரல்ல. பெட்டி விலைபோகவில்லை. நிஜ டிரம் ஒலியைப் பதிவுசெய்து வைத்திருந்த வேறொரு இயந்திரம் அதே ஆண்டு வந்திருந்தது, விலை நான்கு மடங்கு. அதன் பக்கத்தில் 808 பொம்மைபோல் ஒலித்தது. சுமார் 12,000 பெட்டிகளோடு 1983இல் நிறுத்திவிட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அதன் ஒலியில் வரும் சீறலுக்காக, குறையுள்ளவை என்று கழிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களை ககேஹாஷி தேடி வாங்கிப் போட்டிருந்தார். டிரான்சிஸ்டர் தயாரிப்பு மேம்பட மேம்பட, பழுதான சரக்கு கிடைக்காமல் போனது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

விலைபோகாத பெட்டி அடகுக்கடைக்கும் பழைய சாமான் கடைக்கும் வந்தது. காசில்லாத பையன்கள் வாங்கினார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், தங்கையின் பள்ளிச் செலவுக்குக் காசு சேர்க்க டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தைத்தான் ஹிப்ஹாப்பின் பிறப்பு என்று சொல்வார்கள். அப்போது இரண்டு கிராமஃபோன் தட்டுகள்தான் கருவி. 1982இல் ‘பிளானட் ராக்’ பாட்டில் 808 உள்ளே வந்தது. அந்தப் பாட்டின் மெட்டும் தாளமும் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவிடமிருந்து எடுத்தவை. டுஸல்டார்ஃபில் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு எந்திரம்போல் நின்று வாசித்த நான்கு வெள்ளைக்காரர்களின் மெட்டுக்கு பிராங்க்ஸில் கறுப்பினப் பிள்ளைகள் ஆடினார்கள்.

ஆகவே ‘இதற்கு முன்னால் வந்ததே இல்லை’ என்று நீங்கள் அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. உங்கள் காதில் அதிர்வது உங்களைவிட இருபது வயது மூத்த சத்தம். அது புதிதில்லை என்று சொல்லி உங்கள் உற்சாகத்தைக் குறைக்கப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் இவ்வளவு கேட்க இருக்கிறது என்கிறேன்.

டிரில் பாட்டுகளுக்கு வருவோம். அந்த 808 ஒலியை சாம்ப்ளரில், அதாவது பதிவுசெய்த ஒலியை வேண்டிய சுரத்தில் வாசிக்கவிடும் கருவியில், போட்டு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கவிடுவது லண்டன் டிரிலின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ‘ஊ…ம்’ என்று கீழிருந்து மேலே இழுபடும் அந்த பேஸைத்தான் சொல்கிறேன். அதை ஹெட்போனில் கேட்டதும் எனக்கு உங்கள் கடிதத்தில் இருந்த உறுமி ஞாபகம் வந்தது. உறுமியின் ஒரு பக்கத்தை அடிப்பார்கள், மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது வருவது அடியா சுரமா என்று சொல்ல முடியாத ஒரு முனகல், வயிற்றுக்குள் இறங்குகிற வழுக்கல். லண்டன்காரர்கள் உறுமியைக் கேட்டுச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அடிக்கும் கருவியையே முனகவைக்க வேண்டும் என்ற ஆசை இரண்டு இடத்திலும் இருக்கிறது, அவ்வளவுதான். அப்பாவிடம் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். திருவிழாவுக்கு வரும் மைக்செட்காரரிடம் நல்ல பெட்டி இருக்கும். சாயங்காலம் சாமி புறப்படுவதற்கு முன்னால் ஒரே ஒரு பாட்டு போடச் சொல்லுங்கள். வரிகள் கொஞ்சம் நாகரிகமாக இருக்கிற பாட்டாகப் பாருங்கள். உங்கள் பட்டியலில் அப்படி இரண்டுதான் தேறும்.

ராப்பின் சொல் பக்கம் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. திருப்புகழே ராப்தான் என்று மேடையில் கைதட்டல் வாங்கும் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். பிராங்க்ஸ் பிள்ளைகளிடமிருந்து வந்ததை அவர்களிடமே விட்டுவிடலாம். ஆனால் தமிழில் ராப் செய்ய வரும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில ராப் வரியின் கடைசியில் ஓசை பொருந்துவதை வைத்துப் பிழைக்கிறது. அது அங்கே கடினம், அதனால் ரசிக்கத்தக்கது. தமிழிலோ வினைமுற்று தானாகவே பொருந்தும். வந்தான், நின்றான், போனான், செத்தான் என்று விடியவிடிய அடுக்கலாம், ஒரு சாமர்த்தியமும் வேண்டாம். நம் செய்யுள் அதனால்தானோ என்னவோ எதுகையை நம்பியது. வரியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் பொருந்தவேண்டும். நீங்கள் அனுப்பிய நான்கு தமிழ் ராப்பில் மூன்று ‘டா’விலும் ‘டி’யிலும் முடிந்துகொண்டே இருக்கின்றன. நான்காவது ஆள் வரிக்கு நடுவில் எதுகையை ஒளித்து வைக்கிறார், குறிலை அடுக்கிவிட்டு நெடிலில் ஒரு நொடி நிற்கிறார். அவரை விட்டுவிடாதீர்கள். 2006இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ ஆல்பத்தையும் கேளுங்கள். உங்களுக்கு அப்போது ஐந்து வயதுகூட இருந்திருக்காது.

‘பிராட்’ எனக்குப் பாதி பிடித்தது. அதில் ஒரு இரங்கல் பாட்டு இருக்கிறதே, அது ஸோஃபி என்ற இசைத்தயாரிப்பாளருக்கானது. 2021இல் ஏதென்ஸில் விழுந்து இறந்துபோனவர். பதிவுசெய்த ஒலிகளை எடுத்து ஒட்டுவதைவிட, பலூன் தேய்வது, குமிழி உடைவது, தகரம் நெளிவது போன்ற ஒலிகளை சிந்தசைஸரில் வெறும் அலைகளிலிருந்து உருவாக்குவதே அவருக்குப் பிடித்த வேலை. 2016இல் சார்லிக்காக அவர் செய்த ‘வ்ரூம் வ்ரூம்’ தொகுப்பில் நான்கே பாட்டு. குப்பை என்கிற தொனியில் அப்போது மதிப்பெண் போட்ட ஒரு பெரிய இசை இதழ் 2021இல் அதைத் திருத்தி உயர்த்திக்கொண்டது. உங்கள் பட்டியலில் அது இல்லை. எப்படி விட்டீர்கள்?

ஏழாவது பாட்டு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஹெட்போனிலும் கேட்டுவிட்டேன், அக்கா மகனின் கார் ஸ்பீக்கரிலும் கேட்டுவிட்டேன். அது நிஜமாகவே மிக்ஸிதான்.