காதலில் தோற்றால் ஓவியனாகிவிடுவானா?

கேள்வி: அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில், குல்லா இனக் குடும்பம் (அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள்) ஒன்றை வைத்துக் குறுநாவல் எழுதி அனுப்பியிருந்தேன். 1925இல் நடக்கும் கதை. மூத்தவன் ஓவியன். அவன் ஒருதலையாகக் காதலித்த பெண் அவனுடைய தம்பியையே கட்டிக்கொள்கிறாள். மனமுடைந்தவன், கலையை மதிக்காத குடும்பத்தை உதறிவிட்டு இரவோடு இரவாகப் பஸ் ஏறி நியூயார்க் போய்ப் பெரும் புகழ் அடைகிறான். ‘களம் புதிது, கதை பழையது’ என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். காதல் வலி இல்லாமல் கலை உண்டா?
– பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: ஒரு வரி போதவில்லை என்கிறீர்கள். சரி, பஸ்ஸிலிருந்தே ஆரம்பிக்கலாம். அந்தப் பக்கத்துக்குப் பாலம் வந்ததே 1927இல்தான். அதற்கு முன் பியூஃபோர்ட் நகருக்குப் போக வேண்டுமானால் படகு. இரவோடு இரவாக ஓடுகிறவன் முதலில் ஒரு படகுக்காரனைத் தட்டி எழுப்ப வேண்டும். அந்தப் படகுக்காரன் பெரும்பாலும் அவனுக்குச் சித்தப்பா முறையாக இருப்பான். விடிவதற்குள் விஷயம் அம்மா காதுக்குப் போயிருக்கும்.

அடுத்தது, ஓடுவதற்கான காரணம். அந்தத் தீவுகளின் நீள இழைப் பருத்தி உலகப் பிரசித்தம். அதைக் கூன்வண்டு அரித்துத் தீர்த்த காலம் அது. பிழைப்பு போனதும் சவானா நகருக்கும் நியூயார்க்கின் ஹார்லெமுக்கும் ஜனம் கிளம்பியது. உங்கள் ஆள் தீவை விட்டுப் போனால், ‘வேலை தேடிப் போகிறான்’ என்றுதான் ஊர் நினைக்கும். காதலுக்காகப் போனான் என்று யாரும் பெருமூச்சு விடப்போவதில்லை. பெருமூச்சு விடுவது நீங்கள் மட்டும்தான், அதுவும் பக்கத்துக்கு மூன்று தடவை.

இப்போது காதலுக்கு வருவோம். இங்கேதான் கையில் கிடைத்ததைத் தவற விட்டிருக்கிறீர்கள். உள்நாட்டுப் போரின்போது, 1861 நவம்பரில், வடக்குப் படை அந்தக் கடற்கரையைப் பிடித்தது. தோட்ட முதலாளிகள் ஓடிப்போனார்கள். அதுவரை அடிமைகளாக இருந்தவர்கள் பிறகு சிறுகச் சிறுகக் காசு சேர்த்து நிலம் வாங்கினார்கள். உயில் எழுதும் வழக்கம் குறைவு. நிலம் வாரிசுகள் எல்லாருக்கும் பொதுவாகவே இறங்கி வரும். அண்ணன் வீடு, தம்பி வீடு, அத்தை வீடு எல்லாம் ஒரே வளைவில்தான். தம்பியைக் கட்டிக்கொண்ட அந்தப் பெண் எங்கே போவாள்? எதிரில்தான் இருப்பாள். காலையில் அவள் கோழிக்குத் தீனி போடுவது இவன் வாசலிலிருந்து தெரியும். பலகைச் சுவர் வைத்த சின்னஞ்சிறு ஜெப வீட்டில், மாலைக் கூட்டத்தில், வட்டமாகச் சுற்றிக் கைதட்டிப் பாடும்போது இரண்டு ஆள் தள்ளி அவளும் சுற்றி வருவாள். இப்படி ஓர் ஏற்பாடு தானாக அமைந்திருக்க, அவனை ரெண்டாவது அத்தியாயத்திலேயே ஊரை விட்டு அனுப்பியிருக்கிறீர்களே!

இன்னொன்று. அந்தத் தீவில் காதல் கைகூடாதவன் எடுத்த எடுப்பில் தூரிகையைத் தேடமாட்டான், வேர் கட்டுகிறவரைத்தான், அதாவது வேரை வைத்து மந்திரம் செய்யும் வைத்தியரைத்தான் தேடுவான். டாக்டர் பஸ்ஸார்ட் என்று பேர் பெற்ற ஸ்டெஃபனி ராபின்சன் அப்போது அங்கேயே இருந்தார், 1947 வரை இருந்தார். நிறம் ஏற்றிய கண்ணாடி அணிந்தவர். கோர்ட்டில் வழக்கு ஜெயிக்கக்கூட அவரிடம் ஆள் போவதுண்டு. உங்கள் நாயகனுக்கு அவர் ஞாபகமே வரவில்லை.

அதே பஸ்ஸார்டைப் பிற்காலத்தில் ஒருவர் வரைந்தார். சாம் டாய்ல். செயின்ட் ஹெலினாவில் 1906இல் பிறந்தவர், அதாவது உங்கள் கதை நடக்கும் வருஷம் அவருக்கு 19 வயது. தீவின் பென் பள்ளியில் படித்தவர். அவர் கையைப் பார்த்த ஆசிரியர் நியூயார்க் போய்ப் படிக்கச் சொன்னார். போகவில்லை. கிடங்கில் வேலை, பிறகு பாரிஸ் ஐலண்ட் கடற்படை வீரர் முகாமின் சலவைக்கூடத்தில் வேலை. வரைந்தது கூரைத் தகரத்தில், வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில். துருப்பிடித்த நெளி தகரத்தில் ஆளுயரத்துக்கு ஓர் உருவம், ஓரத்தில் பெரிய எழுத்தில் பெயர். தீவின் மருத்துவச்சி, தீவில் எதையாவது முதன்முதலில் செய்தவர்கள், ஊர்ப் பேய்கள், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் என்று முற்றம் முழுக்க மாட்டிவைத்தார். 1982இல் வாஷிங்டனின் கோர்கோரன் கலைக்கூடம் அவர் படங்களையும் வைத்துக் கண்காட்சி நடத்தியபோது அவருக்கு வயது 75ஐத் தாண்டியிருந்தது. நியூயார்க்கின் பிரபல ஓவியர் பாஸ்கியாவே அந்தத் தகரங்களில் மயங்கினார். அவற்றில் காதலி யாரும் அழுதுகொண்டிருக்கவில்லை. அக்கம்பக்கத்தார்தான் இருந்தார்கள்.

போகவே கூடாது என்றும் சொல்லவில்லை. பாட்டியிடம் வளர்ந்த குல்லா ஓவியர் ஜோனதன் கிரீன் சிகாகோ போய்க் கலைக்கல்லூரியில் முறையாகப் படித்தார். படித்து முடித்து அவர் வரைந்தது என்ன? காற்றில் படபடக்கும் துணிக்கொடியும் அதன் கீழே நிற்கும் தீவுப் பெண்களும்.

குடும்பம் கலைக்கு எதிரி என்பதும் ஒட்டவில்லை. அந்தக் கடற்கரையில் புல்லில் கூடை தைப்பது வீட்டுக்குள் தாய் வழியாக வருவது. ஒரு பிடி புல்லைச் சுருளாக வளைத்து, தேய்த்துக் கூராக்கிய கரண்டிக் காம்பால் துளையிட்டு, பனை வகை ஓலைக்கீற்றைக் கோத்து இறுக்குவார்கள். மேரி ஜாக்சன் நாலு வயதில் அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்றவர். நியூயார்க்கில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். மகனுக்கு ஆஸ்துமா என்று இருந்த வேலையையும் விட்டு வீட்டோடு உட்கார்ந்து கூடை தைத்தவருக்கு 2008இல் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது, ஐந்து லட்சம் டாலர். பிள்ளையின் இருமல் ஒரு கலைஞரை உண்டாக்கியது என்று நீங்கள் எழுதுவீர்களா? மாட்டீர்கள். காதல் என்றால் மட்டும் எழுதுகிறீர்கள், ஏனென்றால் சினிமாவில் அப்படித்தான் வருகிறது.

நாவலைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஆள் நியூயார்க்கிலேயே இருக்கட்டும், குடும்பத்தின் பொதுநிலத்தில் அவன் பங்கு அப்படியே இருக்கும். 1956இல் பக்கத்து ஹில்டன் ஹெட் தீவுக்குப் பாலம் போட்டதும் உல்லாச விடுதிக்காரர்கள் வந்தார்கள். அப்போதெல்லாம் வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை விற்றால் போதும், வாங்கியவர் கோர்ட்டுக்குப் போய் மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. இந்தத் தீவுகளில் பல குடும்பங்கள் இப்படி நிலம் இழந்திருக்கின்றன. படம் விற்காமல் வாடகை பாக்கி வைத்திருக்கும் ஓவியனிடம் ஒரு தரகர் வந்து நிற்கட்டும். ‘கையெழுத்துப் போட்டுவிடாதே’ என்று ஊரிலிருந்து ஒரு கடிதமும் வரட்டும். தம்பிக்கு எழுதப் படிக்க வராது என்று முதல் அத்தியாயத்தில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கடிதம் யார் கையெழுத்தில் வரும்?

அந்த அத்தியாயத்தை எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன். நியூயார்க் போனதும் அவனுக்கு வளர்த்துவிட்டிருக்கும் தாடியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.