வேலை நிப்பாட்டின மாசத்துக்கு ஈபிஎஃப் விழுமா? இந்த தடவ வந்த கேள்விங்க

வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். விசாரணைன்னு சொல்லி வேலைய நிப்பாட்டிட்டாங்க, சம்பளம் இல்ல, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) என்னாகும்னு. இலங்கையில தோட்டத்து ஆபீஸ்ல செக்ரோல், அதாவது வேலை நாளும் சம்பளமும் பதியுற புத்தகம், எழுதியே 20 வருசத்துக்கு மேல கழிச்சவன், தெரிஞ்சத நேரா சொல்றேன்.

மூணு மாசமா நிப்பாட்டி வச்சிருக்காங்க, ஒரு சதமும் விழல. இது சரியா? (மஸ்கெலியா)

சரிதான். ஈபிஎஃப்ல உங்க 8 சதவீதம், தோட்டத்தோட 12 சதவீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம், எல்லாமே சம்பளத்து மேல போடுற கணக்கு. சம்பளம் இல்லாத மாசம் அதுவும் இல்ல. அரைச் சம்பளம் குடுக்கிறாங்கன்னா அந்த அரைக்கு கட்டியாகணும். நிப்பாட்டின மாசத்துல நீங்க ஏற்கனவே போட்ட பேருக்கும் (வேலை செஞ்ச நாளுக்கும்) கட்டணும், அத நிறைய பேர் பாக்குறதே இல்ல. அப்புறம் ஒண்ணு, நிப்பாட்டினதுக்கு கடிதம் குடுத்தாங்களா இல்லையான்னு நீங்க எழுதவே இல்ல. அது இல்லாம நான் என்னத்த சொல்றது? வாயால "வராத"ன்னு சொன்னது நாளைக்கு "அவராத்தான் வேலைக்கு வரல"ன்னு ஆயிரும். எழுத்துல வாங்குங்க.

அந்த 8ம் 12ம் சேந்த 20 சதவீதத்த நானே கைக்காசு போட்டு கட்டலாமா? (தலவாக்கலை)

முடியாது. ஈபிஎஃப் தொழில் குடுக்கிறவர் வழியாத்தான் போகும்.

காசு விழாத காலத்துல வட்டியும் நின்னுருமா? (பதுளை)

நிக்காது. இருக்கிற மீதிக்கு வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும். 2022க்கு 9 சதவீதம், 2023க்கு 13 சதவீதம் போட்டாங்க, நீங்க வேலையில இருந்தீங்களா இல்லையான்னு பாத்து போடல.

வீட்டு செலவுக்கு வழியில்ல. ராஜினாமா எழுதிக் குடுத்தா ஈபிஎஃப் எடுக்கலாம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. எனக்கு வயசு 41. (பண்டாரவளை)

தயவு செஞ்சு எழுதிக் குடுக்காதீங்க. ஆம்பளைக்கு 55, பொம்பளைக்கு 50, அந்த வயசு வராம வேலைய விட்டேன்னு சொன்னா மட்டும் காசு வராது. கல்யாணம் பண்ணி வேலைய விடுற பொம்பளைங்க, வெளிநாட்டுக்கு ஒரேயடியா போறவங்க, இனி வேலை செய்யவே முடியாத அளவுக்கு உடம்பு போனவங்க, இப்படி சில காரணத்துக்குத்தான் முன்னாடி குடுப்பாங்க. கணக்குல 30 சதவீதத்த முன்னாடியே எடுக்கிற விஷயமும் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான், அதுவும் 10 வருசம் கட்டியிருக்கணும், கணக்குல மூணு லட்சமாவது கிடக்கணும். நீங்க ராஜினாமா எழுதினா காசும் கைக்கு வராது, வேலையும் போயிரும், விசாரணையே தேவையில்லாம தோட்டத்துக்கு வேலை முடிஞ்சிரும். அவங்களாவே உங்கள நீக்கினா 6 மாசத்துக்குள்ள தொழில் நீதிமன்றம் போகலாம், அந்த வழியையும் உங்க கையெழுத்தாலயே மூடிராதீங்க.

விசாரணையில குத்தம் இல்லைன்னு ஆகி ஏழு மாசம் கழிச்சு திரும்ப எடுத்துட்டாங்க. மொத்தமா ஒரு தொகை தந்தாங்க. ஆனா அந்த ஏழு மாசத்துக்கு ஈபிஎஃப் ஏறல. (ஹட்டன்)

இந்த ஒரு விஷயத்துக்கு எனக்கு எப்பவும் வயிறு எரியும். உங்களுக்கு வந்த காசுக்கு என்ன பேரு போட்டாங்கன்னு அந்த கடதாசிய எடுத்து பாருங்க. "நிலுவைச் சம்பளம்"னு இருந்தா அது சம்பளம், 12ம் 8ம் கட்டியே ஆகணும், ஈடிஎஃப் 3ம் கட்டணும். "நட்டஈடு"ன்னோ "கருணைத் தொகை"ன்னோ இருந்தா, அது சம்பளமே இல்லைன்னு சொல்லி கைய கழுவிருவாங்க. ஒரே காசு, பேரு மட்டும் வேற.

சும்மா உருண்டையா ஒரு கணக்கு போட்டு பாக்கலாம். மாசம் 30,000 வச்சா ஏழு மாசத்துக்கு 2,10,000. அதுல தோட்டம் கட்ட வேண்டிய 12 சதவீதம் 25,000 கிட்ட, ஈடிஎஃப் ஒரு 6,000. ரெண்டும் சேத்து 31,000க்கு மேல, அதுக்கு வருசா வருசம் ஏறுற வட்டி வேற. ஒரு சொல்ல மாத்தி எழுதினதுல இவ்வளவு போகுது.

நான் ஆபீஸ்ல இருந்தப்ப ஒருத்தருக்கு இதே நடந்தத கண்ணால பாத்தேன். இங்கிலீஷ்ல டைப் பண்ணின ஒரே ஒரு பக்கம், அவருக்கு தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், யாரும் வாசிச்சு காட்டல. ஊதா மை பேட்ல பெருவிரல வச்சு அமுத்தி, மைய சாரத்துல தொடச்சிக்கிட்டு, காசு கிடைச்ச சந்தோசத்துல எல்லாருக்கும் கும்பிடு போட்டுட்டு போனாரு. கடைசி வரியில "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு இருந்துச்சு. பக்கத்து மேசையில இருந்த நான் அன்னைக்கு வாயத் தொறக்கல, அது இன்னைக்கும் எனக்கு உறுத்துது. அதனாலதான் கேக்குறவங்க எல்லார்கிட்டயும் திருப்பி திருப்பி சொல்றேன், கையெழுத்து வைக்க முன்ன தமிழ்ல வாசிச்சு காட்ட சொல்லுங்க, சங்கத் தலைவரையோ படிச்ச புள்ளையையோ பக்கத்துல வச்சுக்குங்க, "நிலுவைச் சம்பளம்"ங்கிற சொல் இருக்கான்னு பாருங்க, போன்ல போட்டோ எடுங்க.

உங்க கடதாசியில அது சம்பளம்னு இருந்தா பே ஸ்லிப்போட, பி கார்டோட (ஈபிஎஃப் அங்கத்தவர் அட்டை) ஹட்டன் லேபர் ஆபீஸ்ல முறைப்பாடு குடுங்க. காசு செலவில்ல. பிந்திக் கட்டுறதுக்கு மேல்வரின்னு ஒரு அபராதம் இருக்கு, 10 நாள் வரைக்கும் 5 சதவீதம், ஒரு வருசம் தாண்டினா 50 வரைக்கும் போகும். அது தோட்டத்து தலையில, உங்க சம்பளத்துல வெட்ட முடியாது. அந்த 12ஐயும் உங்ககிட்ட வெட்டக்கூடாது.

நிப்பாட்டின காலம் சர்வீஸ் காசுல (பணிக்கொடையில) கழியுமா? (நுவரெலியா)

1983ம் வருசத்து பணிக்கொடை சட்டத்துல லீவு, ஸ்ட்ரைக், லாக்கவுட் இதெல்லாம் சர்வீஸ முறிக்காதுன்னு இருக்கு. விசாரணைக்காக நிப்பாட்டினதுல தகராறு வரலாம், அதனால குத்தம் இல்லைன்னு வந்த கடிதத்த பத்திரமா வைங்க, எழுத்துல இல்லாதத ஆபீஸ் நம்பாது. அஞ்சு வருசம் முடிஞ்சவங்களுக்குத்தான் இந்தப் பேச்சே.

எனக்கு ஈபிஎஃப் எவ்வளவு கிடைக்கும்? அவசரம். (ஊர் பேரு இல்ல)

எத்தன வருச வேலை, என்ன சம்பளம், ஒண்ணுமே எழுதாம அவசரம்னு மட்டும் எழுதினா நான் எத வச்சு சொல்றது? அடையாள அட்டையும் பி கார்டும் எடுத்துக்கிட்டு லேபர் ஆபீஸ் போங்க. போறப்ப ரெண்டுலயும் பேரு ஒரே மாதிரி எழுதியிருக்கான்னு பாருங்க. "முத்தையா" ஒண்ணுல ஒரு மாதிரி, இன்னொண்ணுல வேற மாதிரி இருந்து, அத திருத்த அலைஞ்சு அலைஞ்சு 55 வயசுல படியேறி எறங்கினவங்கள நிறைய பாத்துட்டேன். வேலை இல்லாத இந்த மாசம்தான் அத சரி பண்ண நல்ல நேரம்.

நான் ஆபீஸ்ல கிளாக்கர். நிப்பாட்டினவர் பேர ஈபிஎஃப் மாசப் பட்டியல்ல என்ன பண்றது? (மாத்தளை)

சம்பளம் இல்லைன்னா அந்த மாசம் கட்ட ஒண்ணும் இல்ல. ஆனா வேலைய விட்டவர்னு மட்டும் போட்டுறாதீங்க தம்பி. விசாரணை முடியல, அவர் இன்னும் உங்க தோட்டத்து ஆளுதான்.