வெள்ளம் பாதித்த ஊரில் மண்ணும் இலையும் வைத்து ஓவியப் பட்டறை நடத்தினால் மக்கள் மனசு தேறுமா?

மூன்று நாள் பட்டறை நடத்தப்போகிறோம், கடைசி நாள் கண்காட்சியும் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனசு தேறும், ஆனால் மூன்று நாளில் தேறாது. நீங்கள் வெளியூர்க் குழு, நல்ல எண்ணத்தோடு கிளம்பியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நானும் நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தேன். முதல் நாளே பெரிய தப்புச் செய்தேன்.

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. ஆறு ஊருக்குள் புகுந்து வடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம்தான் முகாம். வகுப்பறைச் சுவரில் என் தோள் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே பிள்ளைகளை உட்காரவைத்து, ஆளுக்கொரு தாளும் கரித்துண்டும் கொடுத்து, "அன்னைக்கு ராத்திரி என்ன பாத்தீங்களோ அதை வரைங்க" என்றேன். உள்ளே கிடப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நம்பினேன். ஒரு பையன் தாள் முழுக்கக் கறுப்பாகத் தேய்த்தான். தாள் கிழிந்த பிறகும் நிறுத்தாமல் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் கையைப் பிடித்தபோது விரல் சில்லிட்டுக் கிடந்தது. மறுநாள் அவன் அம்மா வந்து, "டீச்சர், இப்பத்தான் ரெண்டு நாளா தூங்க ஆரம்பிச்சிருந்தான்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டை அதற்குப் பிறகுதான் படித்தேன். நடந்ததை விவரிக்கச் சொல்லி யாரையும் நெருக்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. பேச வந்தால் கேட்க வேண்டும், வராவிட்டால் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது 1945-ல். 1974-ல் ஒரு முதியவர் தான் அன்று பார்த்ததை வரைந்து, தானாகவே ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் நிலையத்துக்கு எடுத்துப்போனார். அதைப் பார்த்து அவர்கள் மற்றவர்களையும் கேட்க, பிழைத்திருந்தவர்கள் வரைந்த படங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. அவருக்கே 29 வருடம் தேவைப்பட்டிருக்கிறது. நான் இரண்டு வாரத்தில் கேட்டேன், அதுவும் குழந்தைகளிடம்.

அடுத்த வாரம் தாளையே எடுக்கவில்லை. எல்லோரையும் ஊருக்கு மேலே இருக்கும் மேட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். கண்ணில் பட்டதைப் பொறுக்குங்கள் என்றதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. சருகு, பட்டை, கூழாங்கல், விதை, காய்ந்த கொடி என்று மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். தரையில் பரப்பி நிறம் பார்த்து அடுக்கினோம். பெரியவர்கள் முதலில் ஓரமாக நின்று பார்த்தார்கள். பிறகு, "அந்தக் கல்லை இங்கிட்டு வை" என்று குனிந்தார்கள். குனிந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

மண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெள்ளம் விட்டுப்போன சேற்றையே எடுத்துச் சிற்பம் செய்தால் பொருத்தமாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அதில் சாக்கடை கலந்திருக்கும், கண்ணாடித் துண்டு கிடக்கும், எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். எங்களைத் தடுத்தது சுகாதாரப் பணியாளர் ஒருவர், இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். மேட்டிலிருந்து களிமண் வெட்டி, சலித்து, இரண்டு வாளியில் ஊறப்போட்டோம். அதுவுமில்லாமல், வாரக்கணக்கில் வீட்டிலிருந்து சுரண்டி எறிந்த சேற்றையே திரும்பக் கையில் கொடுத்தால் மனுஷருக்கு எப்படி இருக்கும்?

அந்த வாளி பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்காருவார். அன்று ராத்திரி ஆட்டை அவிழ்க்க நேரமில்லாமல் ஓடிவந்தவர். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரியும். களிமண்ணை உள்ளங்கையில் உருட்டி நீளமாக இழுப்பார். இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கி, நுனியில் முடிச்சுப் போடுவார். மண் கயிறு வளைகிற இடத்தில் விண்டுபோகும். விரலை நனைத்துத் தடவி மறுபடி முடிச்சுப் போடுவார். பிறகு மொத்தத்தையும் வாளியிலேயே போட்டுப் பிசைந்துவிட்டு எழுந்து போவார். சுடாத மண் தண்ணீர் பட்டால் திரும்பச் சேறாகிவிடும், அதனால் ஒன்றும் மிஞ்சாது. நான்கு வாரம் கயிறு மட்டும்தான். என்ன செய்றீங்க என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்தப் பையனிடம் பட்ட பாடு போதும்.

கூரை இல்லாதவனுக்குக் கலை எதற்கு என்று கீழே யாராவது எழுதுவீர்கள். கூரைதான் முதலில், மறுக்கவே இல்லை. நிவாரண வரிசை இல்லாத ஞாயிறு மதியம்தான் நாங்கள் கூடினோம், யாருடைய முறையும் தவறவில்லை. நான் உளவியல் படித்தவளும் இல்லை. அந்தப் பையனை மனநல ஆலோசகரிடம் அனுப்பினோம், அவன் தேறியதில் பெரும்பங்கு அவருடையது. இயற்கை குணப்படுத்தும் என்று பெரிதாகவும் சொல்லமாட்டேன். ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறுவை சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அது மருத்துவமனையில் 46 பேரை வைத்துச் செய்தது. வீடிழந்த ஊருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. என் கண்ணால் கண்டதை மட்டும்தான் நான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடந்து அறுக்கிறது. பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்புதான். வருடம் முழுக்கக் கணக்குக்கும் அறிவியலுக்கும் என் பாடவேளையை எடுத்துக்கொள்வார்கள். வெள்ளம் வந்ததும், "டீச்சர், பிள்ளைங்களை வச்சு ஏதாவது பண்ணுங்க" என்று ஓடிவந்தார்கள். தண்ணீர் வடிந்து பள்ளி திறந்த மாதமே மறுபடி எடுத்துக்கொண்டார்கள். கரித்துண்டு பிடித்துப் பழகிய கையாக இருந்திருந்தால் பிள்ளைகளுக்கு அந்த நாட்கள் கொஞ்சமாவது லேசாக இருந்திருக்கும்.

கண்காட்சிக்கு வருகிறேன். செய்தவர்களைக் கேட்காமல் வைக்காதீர்கள். எங்களிடம் ஒரு குழு கேமராவோடு வந்து, அழுகிற முகமாகத் தேடியது. அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. அவர்களைத் திரும்ப வரவைக்க மூன்று வாரம் வீடு வீடாக நடந்தேன்.

மூன்று நாளுக்கு ஒதுக்கிய பணத்தை மூன்று மாத ஞாயிறுகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போன பிறகும் தொடர உள்ளூரில் ஒருவர் வேண்டும், ஓவியம் தெரிந்திருக்கத் தேவையில்லை. எங்களுக்கு அந்தப் பெரியவர்தான். ஐந்தாவது வாரம் கயிறு திரிக்கவில்லை. நான் போவதற்கு முன்பே வந்து, பிள்ளைகளுக்கென்று இரண்டு வாளி மண்ணையும் பதமாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவைத்திருந்தார்.